வாளும் கத்தியும்: சுங்க வகைப்பாட்டில் வெட்டுப் படைக்கலங்கள்

முன்னுரை

தமிழில் ‘கத்தி’ என்னும் சொல் காய் நறுக்கும் கருவியையும் குறிக்கும். பட்டாக்கத்தி என்னும்போது போர்க்கருவியையும் குறிக்கும். பேச்சு வழக்கில் இந்நெகிழ்ச்சியால் இடர் ஏதும் நேர்வதில்லை. ஆனால், அதே பொருள் ஒரு நாட்டின் எல்லையைக் கடக்கும்போது, அது கருவியா, படைக்கலமா, விளையாட்டுப் பொருளா, தொல்பொருளா என்பதைச் சுங்கத்துறை முடிவு செய்தாக வேண்டும். அம்முடிவைப் பொறுத்தே வரியும் உரிமமும் சில வேளைகளில் பறிமுதலும் அமைகின்றன. வாள் முதலிய படைக்கலங்கள் எவ்வாறு வகைப்படுத்தப்படுகின்றன என்பதையும், மலாய் உலகின் மரபுப் படைக்கலமாகிய கிரிஸ் அவ்வகைப்பாட்டில் பெறும் இடத்தையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

பொதுக் குறியீட்டு முறை

உலக வாணிபத்தில் பண்டங்களை அடையாளம் காண இன்று பயன்படுவது எச்.எஸ். எனப்படும் ஒத்திசைவுக் குறியீட்டு முறையாகும். இதற்கான உடன்படிக்கை 1983இல் பிரசல்சில் ஏற்கப்பட்டு, 1988 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உலகச் சுங்க அமைப்பு இதனைப் பேணி, ஏறத்தாழ ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை திருத்தி வருகிறது. பண்டங்கள் 21 பிரிவுகளாகவும், அவற்றின் கீழ் இயல்களாகவும், இயல்களுக்குள் நான்கு இலக்கத் தலைப்புகளாகவும், ஆறு இலக்கத் துணைத் தலைப்புகளாகவும் பகுக்கப்பட்டுள்ளன. ஆசியான் நாடுகள் இதன்மேல் இரண்டு இலக்கங்களைச் சேர்த்து எட்டு இலக்கப் பட்டியலைப் பொதுவாகக் கொண்டுள்ளன. மலேசியாவும் சிங்கப்பூரும் அதனையே பின்பற்றுகின்றன.

படைக்கலமும் கருவியும்

இயல் 93 படைக்கலங்களுக்கு உரியது. அதில் 9307 என்னும் தலைப்பு வாள், குறுவாள், துப்பாக்கிமுனை ஈட்டி, வேல் போன்றவற்றையும், அவற்றின் உறுப்புகளையும் உறைகளையும் உள்ளடக்குகிறது. ஆறு இலக்க நிலையில் இத்தலைப்புக்கு உட்பிரிவே இல்லை. எனவே, போர்வாளும் தனியே அனுப்பப்படும் அதன் அலகும் வெற்று உறையும் 9307.00 என்னும் ஒரே குறியீட்டைப் பெறுகின்றன.

வீட்டிலும் தொழிலிலும் பயன்படும் வெட்டுக் கருவிகள் இயல் 82ஐச் சார்ந்தவை. சமையலறைக் கத்தி, வேட்டைக் கத்தி, மடக்குக் கத்தி ஆகியவை 8211இல் அடங்கும். கோடரியும் விறகு வெட்டும் அரிவாளும் 8201.40இல் அடங்கும், கதிர் அறுக்கும் அரிவாள் 8201.90க்கு உரியது. தோட்டப்புறங்களில் நாம் நன்கறிந்த பாராங், புதர் வெட்டும் கத்தி என்னும் நிலையில் 8201.40ஐச் சேரும்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். பாராங் குறுவாளைவிட நீளமானது. அதனாலும் உயிரைப் பறிக்க இயலும். அவ்வாறாயின் அது ஏன் படைக்கலம் ஆகவில்லை? ஒரு பொருளால் என்ன தீங்கு செய்ய இயலும் என்பதை வகைப்பாடு கேட்பதில்லை. அது எதற்கென வடிவமைக்கப்பட்டது என்பதையே கேட்கிறது. குறுவாள் குத்துவதற்கென்றே உருப்பெற்றது; பாராங் உழைப்புக்கென உருப்பெற்றது.

வடிவமைப்பே அளவுகோல் என்பதால், இன்றைய பயன்பாடு வகைப்பாட்டை எளிதில் மாற்றுவதில்லை. சடங்குக்கோ அலங்காரத்திற்கோ நாடக மேடைக்கோ உரிய வாளும் 9307இலேயே நிற்கும் என அமைப்பின் விளக்கக் குறிப்புகள் கூறுகின்றன. பொன் வெள்ளி வேலைப்பாடுடைய வாளும் அணிகலன்களுக்குரிய இயல் 71க்குச் செல்வதில்லை. படைக்கலங்களை அவ்வியலின் குறிப்பே விலக்கிவிடுகிறது. மாறாக, வாட்போர் விளையாட்டுக்குரிய மெல்வாளும் சிறுவர் விளையாடும் பொம்மை வாளும் இயல் 95ஐச் சேர்கின்றன.

கிரிஸ்: ஒரு சான்று

விளக்கக் குறிப்புகள் 9307க்குரிய பொருள்களை எண்ணும்போது கிரிசையும் பெயர் சுட்டிக் குறிப்பிடுகின்றன. ஆகவே, இன்று ஒரு கொல்லர் செய்து விற்கும் கிரிஸ், திருமண உடையின் பகுதியாகவே அணியப்படினும், 9307க்கே உரியது.

பாட்டன் வழி வந்த பழைய கிரிசின் நிலை வேறு. நூறு ஆண்டுகளைக் கடந்த பொருள்கள் தொல்பொருள்களாக 9706இலும், வரலாற்று அல்லது இனவியல் சிறப்புடைய சேகரிப்புப் பொருள்கள் 9705இலும் வைக்கப்படுகின்றன. இவ்விரண்டையும் இயல் 93இன் குறிப்பு தன்னிடமிருந்து விலக்கியுள்ளது. வயது என்பது நகரும் எல்லை என்பதும் கருதத்தக்கது. 1920இல் செய்யப்பட்ட ஒரு வாள் 2015இல் எல்லையைக் கடந்திருந்தால் தொல்பொருள் ஆகியிருக்காது. இன்று கடந்தால் ஆகும். பழுது பார்க்கப்பட்டிருப்பினும், மூலத்தன்மை கெடாதிருப்பின் அது தொல்பொருளாகவே கொள்ளப்படும். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 250 ஆண்டுகளைக் கடந்தவற்றுக்கு 9706.10 என்னும் தனிக் குறியீடு வகுக்கப்பட்டது. பண்பாட்டுச் செல்வங்கள் கடத்தப்படுவதைக் கண்காணிக்க இது துணை செய்கிறது.

இதனால் இருவகை இழப்புகள் நேரக்கூடும் என்பதை நாம் உணரலாம். பழங்கிரிசைப் புதியதெனக் காட்டி 9307இல் அனுப்பினால், ஒரு மரபுச் செல்வம் கைவினைப் பொருளின் பெயரில் நாட்டைவிட்டு வெளியேறிவிடும். புதிய கிரிசைப் பழையதெனக் காட்டினால், படைக்கலத்துக்குரிய கட்டுப்பாடு நழுவிவிடும்.

வகைப்பாடும் அனுமதியும்

குறியீடு வேறு, அனுமதி வேறு. குறியீடு ‘இது என்ன’ என்பதைக் கூறும். ‘இதனைக் கொண்டு வரலாமா’ என்பதை அந்தந்த நாட்டின் சட்டமே கூறும். பிரிட்டன் 2008இல், 50 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட வளைந்த அலகுடைய வாள்களின் இறக்குமதிக்குத் தடை விதித்தது. மரபு முறையில் கையால் செய்யப்பட்டவற்றுக்கு விலக்கும் அளித்தது. தடைக்கு உள்ளான வளைவாளும் உள்ளாகாத நேர்வாளும் குறியீட்டில் ஒன்றே. ஜப்பானிலிருந்து வாளை வெளியே எடுத்துச் செல்ல அந்நாட்டுப் பண்பாட்டுத் துறையின் சான்று தேவை. மலேசியாவில் 2005ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டத்தின்படி, பாரம்பரியப் பொருளை ஏற்றுமதி செய்யப் பாரம்பரிய ஆணையரின் உரிமம் பெறுதல் வேண்டும்.

முடிவுரை

சுங்க வகைப்பாடு அடிப்படையில் சொற்பொருள் ஆய்வே ஆகும். விலைப்பட்டியலில் ‘கத்தி’ என்று மட்டும் எழுதுபவர், முடிவை அதிகாரியின் ஊகத்துக்கு விட்டுவிடுகிறார். பொருளின் நோக்கம், அலகின் நீளம், முனை, உலோகம், வயது, பயன்பாடு ஆகியவற்றைத் தெளிவாக எழுதுதல் நன்று. பழம்பொருளாயின் வயதுக்குரிய சான்றையும் இணைத்தல் வேண்டும். கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடும் தமிழாசிரியர்களுக்கும் இதில் பணி உண்டு. வாள், குறுவாள், அரிவாள், கத்தி ஆகிய சொற்களின் எல்லைகளை மாணவர்க்கு வரையறுத்துக் கற்பிப்போமாயின், அகராதியில் மட்டுமன்றிச் சுங்கச் சாவடியிலும் அத்தெளிவு பயன்படும் என்பது நம் கருத்து.