இரவில் பசிக்கும் பவளம்: ஊட்டும் முன் தெரிய வேண்டியவை

விளக்கு அணைந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் பவளத் தொட்டி உண்மையில் விழிக்கிறது. பகலெல்லாம் கல்லோடு கல்லாக ஒடுங்கிக் கிடந்த பாலிப்புகள் எனும் பவளச் சிற்றுயிர்கள் ஒவ்வொன்றாகப் பிதுங்கி, கண்ணாடி போலத் தெளிந்த சிறு கைகளை நீட்டுகின்றன. கடலில் இருட்டிய பிறகுதான் நுண்ணிய மிதவை உயிரிகள் ஆழத்திலிருந்து மேலேறி வரும். பாலிப்பைக் கொத்தும் மீன்கள் பலவும் அந்நேரம் பாறை இடுக்கில் அடைந்துவிடும். வரவேற்பறைக்கு வந்த பின்னும் பவளத்தை அந்தப் பழக்கம் விடுவதில்லை.

பவளத்துக்கு வேண்டிய ஆற்றலின் பெரும்பகுதியை அதன் உடலுக்குள் குடியிருக்கும் பாசி ஒளியிலிருந்து தயாரித்துக் கொடுத்துவிடுகிறது. நைட்ரஜனும் பாஸ்பரசும் இரையிலிருந்தும் வர வேண்டும். அந்தப் பாசியே இல்லாத சூரியப் பவளத்துக்கு இரையை விட்டால் வேறு கதியில்லை. ஆகவே இரவில் ஊட்டுவது சரிதான். வீடுகளில் நடக்கும் தவறு, அளவில்தான்.

ஒளிச்சேர்க்கை நின்றதும் தொட்டியில் உள்ள அத்தனை உயிரும் ஆக்சிஜனை இழுத்துக் கரியமில வாயுவை விடுகின்றன. பகலில் 8.3 வரை இருந்த பி.எச். விடிவதற்குள் 8-க்குக் கீழே இறங்கக்கூடும். தின்னாமல் கிடக்கும் இறால் துணுக்குகள் அந்த நேரத்தில் அழுகினால், அவற்றைச் சிதைக்கும் பாக்டீரியாவும் ஆக்சிஜனுக்குப் போட்டி போடும், அம்மோனியா ஏறும். தண்ணீர் சூடாக இருந்தால் அதில் ஆக்சிஜன் கரைவதே குறைவு. சென்னையின் மே மாதப் புழுக்கத்தில், நள்ளிரவில் மின்சாரமும் போய்விட்டால், கொட்டிய தீனியே தொட்டிக்கு எமனாகிவிடும்.

உறைந்த மைசிஸ் இறாலையோ ஆர்ட்டீமியாவையோ தொட்டித் தண்ணீரில் இளக்கி, வடிகட்டி, சாற்றைக் கொட்டிவிட வேண்டும். பாஸ்பேட் அந்தச் சாற்றிலும் வருகிறது. அலை பம்பை நிறுத்திவிட்டு, நீண்ட பிப்பெட்டால் பாலிப்பின் மேல் இரை மெல்ல விழும்படி விட வேண்டும். பீய்ச்சினால் சுருங்கிக்கொள்ளும். துணுக்கு ஒன்று ஒட்டியதும் கைகள் மடங்கி அதை நடுவிலுள்ள வாய்க்குக் கொண்டுபோவது கண்ணுக்கே தெரியும். கால் மணி நேரத்தில் மிச்சத்தை உறிஞ்சி எடுத்து, பம்பை மறுபடி போட்டாக வேண்டும். மறந்து தூங்கிவிடுவதுதான் இதில் பெரிய அபாயம். கைப்பேசியில் அலாரம் வைத்துக்கொள்வது நல்லது. பாசியுள்ள பெரும்பாலான பவளங்களுக்கு வாரம் இரண்டு முறை தாராளம்.

உப்புத் தண்ணீரில் மின்சாரம் எளிதாகப் பாயும். இருட்டில் ஈரக் கையோடு பிளக்கைத் துழாவக் கூடாது. தொட்டிக்கான இணைப்பில் மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் இருக்கட்டும்.

இன்னொரு ஆபத்து நஞ்சு. தொட்டிகளில் வளர்க்கப்படும் சோவாந்திட் எனும் பவள இன வகைகள் சிலவற்றில் உள்ள பாலிடாக்சின், இயற்கை நஞ்சுகளில் மிகக் கொடியவற்றுள் ஒன்று. அலாஸ்காவில் 2012 முதல் 2014 வரை மீன்தொட்டிக் கடையிலும் வீடுகளிலும் இவற்றால் மூச்சுவழியாகப் பாதிப்பு ஏற்பட்டதாகச் சந்தேகிக்கப்பட்ட சம்பவங்களை அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் பதிவு செய்திருக்கிறது. சோவாந்திட் ஒட்டிய கல்லைக் கொதிநீரில் போடுவதோ தேய்த்துக் கழுவுவதோ கூடவே கூடாது. ஊட்டும்போதும் கையுறையும் கண்ணாடியும் வேண்டும். வாயில் கசப்பு, காய்ச்சல், மூச்சுத் திணறல், தசை வலி வந்தால் உடனே அறையை விட்டு எல்லோரும் வெளியேறி மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த நஞ்சுக்கு முறிமருந்து கிடையாது. பவளத்தைத் தொட்டதை மருத்துவரிடம் சொன்னால்தான் சிகிச்சை சரியான பாதையில் போகும்.

இவையெல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: அந்தப் பவளம் வீட்டில் இருக்கலாமா? கல் பவளங்கள் அனைத்தும், கறுப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றவை. மேலே சொன்ன சூரியப் பவளமும் கல் பவளமே. எடுப்பதும், விற்பதும், அனுமதியின்றி வைத்திருப்பதும் குற்றம். 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். செத்த பவளக் கல்லுக்கும் விலக்கில்லை. வீடு கட்டவும் சுண்ணாம்புக்கும் பல்லாண்டு பவளத்தை வெட்டியெடுத்த மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் மூழ்கிப்போனதை நினைத்தால், இந்தக் கடுமை மிகையாகத் தெரியாது.

‘வெளிநாட்டுச் சரக்கு’ என்று கடைக்காரர் வாயால் சொல்வது போதாது. கல் பவளங்கள் உலகளவில், அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. அனுமதிக் காகிதம் கேட்க வாங்குபவருக்கு முழு உரிமை உண்டு. காட்ட மறுத்தால் வாங்காமல் திரும்புவதே பாதுகாப்பு. சந்தேகமிருந்தால் வனத்துறையிடமோ, சென்னையில் மண்டல அலுவலகம் வைத்திருக்கும் வனவிலங்குக் குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகத்திடமோ தெரிவிக்கலாம். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பயந்துபோய்க் கடலில் கொண்டு விடக் கூடாது. அயல் பவளம் அங்கே பரவிவிடக்கூடும்: எண்ணெய்த் துரப்பண மேடைகளோடு வந்ததாகக் கருதப்படும் சூரியப் பவளம் இன்று பிரேசில் கடற்கரையின் பாறைகளை ஆக்கிரமித்து நிற்கிறது. ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொண்டு வனத்துறையை அணுகுவதே வழி.

ஹீட்டர், பம்ப், தீனி போன்றவை பழுதாகவோ காலாவதியாகவோ வந்தால் கதை வேறு. ரசீதும் படமும் வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். தீராவிட்டால், வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமில்லை.