ஆடுகிறவர் முகம் தெரியட்டும்

வடுகபட்டியை அடுத்த பெரியகுளத்தில் 60 ஆண்டுகளுக்கும் மேலாக அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடந்து வருகிறது. சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் இந்தப் போட்டியில் வங்கி அணிகளும் படைப்பிரிவு அணிகளும் வந்து மோதுகின்றன. இப்படிப்பட்ட ஆட்டங்களை வெளியூருக்குக் கொண்டுபோக ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமைவிட மலிவான வழி கிடையாது. ஆனால் நம் சிற்றூர்ப் போட்டிகளின் விளம்பரம் பெரும்பாலும் சுவரொட்டியைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதோடு நின்றுவிடுகிறது. அதில் புரவலர் இருப்பார், சிறப்பு விருந்தினர் இருப்பார். ஆடப்போகிறவர் இருக்க மாட்டார். ஜனம் தேடி வருவதோ அவரைத்தான். கிரிக்கெட்டைப் பாருங்கள்: சின்னப்பம்பட்டி நடராஜன் 2016இல் டிஎன்பிஎல் தொடரில் வீசிய யார்க்கர்கள் தொலைக்காட்சியில் தெரிந்தன. மறு ஆண்டு ஐபிஎல் ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 3 கோடிக்குப் போனார். திறமை அவருடையது, அது கண்ணில் பட ஒரு திரை வேண்டியிருந்தது. கூடைப்பந்துக்கு அந்தத் திரை கைபேசிதான். தடுப்பவரை இடப்பக்கம் இழுத்துவிட்டு, பந்தை மறு கைக்கு மாற்றி உள்ளே புகும் அரை நிமிடக் காட்சி, அதற்குக் கீழே அந்தப் பையனின் பெயர், கல்லூரி, நாளை எத்தனை மணிக்கு ஆடுகிறான் என்ற தகவல்: இவ்வளவு போதும், புதியவர் ஒருவர் மைதானத்துக்குக் கிளம்பி வர.

எல்லாம் போனிலேயே கிடைத்தால் கேலரியில் யார் உட்காருவார் என்று அமைப்பாளர்கள் கவலைப்படுகிறார்கள். இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் கால்பந்தை நேரலையில் காட்டக் கூடாதென்ற தடை 1960களிலிருந்து இருப்பதே இந்த அச்சத்தால்தான். ஆனாலும் சென்னை சூப்பர் கிங்ஸ் ஆட்டம் வீட்டுக்கு வீடு தெரியும்போதும் சேப்பாக்கத்தில் டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. அந்த அணிக்குத் தோனி இருக்கிறார், சிற்றூர்ப் போட்டிக்கு இல்லை என்பது நியாயமான பதில். அதனால்தான் ஆட்டத்துக்கு முந்தைய நாட்களில் ஆட்டக்காரரை அறிமுகப்படுத்துவதற்கே முதலிடம் தரவேண்டும் என்கிறேன். முழு ஆட்ட நேரலை, திருப்பூரிலும் வளைகுடாவிலும் பிழைக்கப் போன நம் ஊர்க்காரர்களுக்கு. அவர்கள் எப்படியும் கேலரிக்கு வர முடியாதவர்கள்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: இப்படிப்பட்ட வீடியோக்களில் மாணவர் முகத்தை வைத்துக் கல்லூரி பெயர் வாங்கினால், மாணவருக்கு என்ன கிடைக்கும்? அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் விளையாட்டால் பல ஆண்டுகள் கோடிகளைக் குவித்தன. ஆடியவர்கள் தம் பெயரை விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கத் தடை இருந்தது. 2021 ஜூலை 1 அன்று அது விலகியது. அன்றைக்கே ஃபிரெஸ்னோ ஸ்டேட் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் இரட்டைச் சகோதரிகள் ஹேலி, ஹன்னா காவிண்டர் ஒரு கைபேசி நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். டிக்டாக்கில் அவர்கள் சேர்த்த ரசிகர் கூட்டமே அதற்கு முதலீடு. நம் கல்லூரிகளும் வீடியோ போடுமுன் மாணவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். விளம்பரப் பணம் வந்தால் அவருக்குப் பங்கு தர வேண்டும். மாணவிகளின் வீடியோவுக்குக் கீழே வரும் கேவலமான கமெண்டுகளை உடனுக்குடன் நீக்க ஓர் ஆளை அமர்த்தாமல், அந்த வீடியோவைப் போடவே கூடாது.