கடல் கடந்த உத்தியோகம்

மேற்கு மாம்பலத்தில் அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகள் இல்லாத தெரு அபூர்வம். 2025 செப்டம்பர் 19-ல் அமெரிக்க ஜனாதிபதி, வெளிநாட்டிலிருந்து புதிதாக வருவோருக்கான எச்-1பி விசா மனு ஒவ்வொன்றுக்கும் 1,00,000 டாலர் கட்டணம் விதித்தபோது, இவ்வீடுகள் கலக்கமுற்றது இயல்பே.

வேலையே இங்கு வருகிறதே என்பர் சிலர். உண்மைதான். அன்னியக் கம்பெனிகள் நம் தேசத்தில் நடத்தும் 1,700-க்கு மேற்பட்ட காரியாலயங்களில் சுமார் 19 லட்சம் பேர் வேலை செய்வதாக 2024-ல் நாஸ்காம் சங்கம் கணக்கிட்டது. ஆயினும் அவற்றைத் திறப்பதும் மூடுவதும் பிறர் சித்தம். சுதேசிக் கம்பெனியும் நிரந்தரமன்று, 2025-ல் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது.

ஆகவே, யுவர்கள் விசாவை நம்பாது வித்தையை நம்புவார்களாக. “பையன் எந்த ஊரில் இருக்கிறான்?” என்று கேட்கும் பெற்றோர், “அவனுக்கு என்ன செய்யத் தெரியும்?” என்று கேட்கும் நாளே நமக்கு நன்னாள்.