புயல் மேகத்தின் கூரை எங்கே?

1998 ஆகஸ்ட் 22. பஹாமாஸ் தீவுகளுக்குக் கிழக்கே, அட்லாண்டிக் கடலில் ‘போனி’ சூறாவளி வலுவடைந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே கடந்துசென்ற டி.ஆர்.எம்.எம். செயற்கைக்கோளின் மழை ரேடார், புயலின் கண்ணை ஒட்டி எழுந்து நின்ற ஒரு மேகத்தை அளந்தது. உயரம் சுமார் 18 கி.மீ.! எவரெஸ்ட்டின் தலையில் இன்னோர் எவரெஸ்ட்டை ஏற்றி வைத்தாலும் அந்த உச்சியைத் தொடாது. பயணிகள் விமானங்கள் 10 முதல் 12 கி.மீ. உயரத்தில்தான் பறக்கின்றன.

வலுத்த சூறாவளிகளில் கண்ணைச் சுற்றிய மேகச்சுவர் 15 கி.மீ. வரை எழுவது வழக்கமே. வெதுவெதுப்பான கடலிலிருந்து ஈரக்காற்று மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, நீராவி துளியாகிறது. அப்போது வெளிப்படும் வெப்பம் அந்தக் காற்றை இன்னும் மேலே தூக்குகிறது. ஆனால், வெப்பமண்டலக் கடல்கள் மீது 16, 17 கி.மீ. தாண்டினால் ஒரு தடை காத்திருக்கிறது. அங்கிருந்து அடுக்கு மண்டலம் தொடங்குகிறது. ஓசோன் புற ஊதாக் கதிரை உறிஞ்சுவதால், அங்கே மேலே போகப்போகக் காற்று சூடாகிறது. ஏறிவந்த காற்றுக்கு இனி மிதக்க வழியில்லை. வந்த வேகத்தில் சில மேகங்கள் சற்றே முட்டி மேலே போய்விட்டுத் திரும்பும். மற்றவை பக்கவாட்டில் விரியும். செயற்கைக்கோள் படங்களில் நாம் பார்க்கும் வெள்ளை வட்டம், இப்படி விரிந்த பனித்துகள் மேகம்தான்.

அப்படியானால் உயரமான மேகம் இருந்தால் கொடிய புயலா? இல்லை. வெப்பமண்டலப் பகுதிகளில் சாதாரண இடிமேகமே இந்த உயரத்தை எட்டிவிடும். மேலும், சூறாவளியின் உக்கிரக் காற்று உச்சியில் அல்ல, கடலுக்கு மேலே சில நூறு மீட்டரில் வீசுகிறது. உயரே போகப்போகத் தணிகிறது. வெறும் உயரத்தைச் சொல்லி மிரட்டும் செய்திகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

மேகம் எங்கே எழுகிறது என்பதே முக்கியம். கடலின் வெப்பத்தை உச்சிவரை கொண்டுசேர்ப்பவை ‘வெப்பக் கோபுரங்கள்’ எனப்படும் ஒருசில மேகங்களே என்று 1958இல் ஹெர்பர்ட் ரீலும் ஜோன் சிம்ப்சனும் விளக்கினர். பின்னாளில் டி.ஆர்.எம்.எம். திட்டத்தின் அறிவியல் தலைமையும் சிம்ப்சனிடமே வந்தது. அது திரட்டிய தரவுகளை நாசா ஆய்வாளர்கள் அலசியபோது, கண்சுவரில் இத்தகைய கோபுரம் தெரிந்தால் அடுத்த ஆறு மணி நேரத்தில் புயல் வலுக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்று தெரியவந்தது.

டி.ஆர்.எம்.எம். 2015இல் வளிமண்டலத்தில் விழுந்து எரிந்தது. 2014இல் ஏவப்பட்ட ஜி.பி.எம். செயற்கைக்கோள் அதன் வேலையைத் தொடர்கிறது.