திரையில் தங்கும் நிழல்: பேனலை மாற்ற அவசரம் வேண்டாம்

மும்பை தாராவியின் 90 அடி சாலைக் கடைகளில் கல்லாவுக்கு மேலே சிசிடிவி மானிட்டர் தொங்குவது இப்போது சாதாரணம். நான்கு கட்டம், மூலையில் தேதியும் நேரமும். இரவும் பகலும் அதே படம். பல மாதம் இப்படி ஓடிய மானிட்டரைக் கழற்றி வேறு வேலைக்கு வைத்தால், அந்தக் கட்டங்களின் கோடு மங்கலாகத் தெரியக்கூடும். மாட்டுங்கா ஓட்டலில் நாள் முழுக்கச் செய்திச் சேனல் ஓடும் டிவியில் லோகோ பதிந்து நிற்கும். செம்பூரில் வீட்டிலிருந்தே கணினி வேலை பார்ப்பவரின் மானிட்டரில் டாஸ்க்பார்.

எல்லாம் ஒரே கோளாறுதான். ரிப்பேர் கடையில் "பேனல் போச்சு" என்று சொல்லிவிட்டால் மனசு உடைந்துபோகிறது. டிவியிலேயே விலை கூடிய பாகம் அது. ஆனால் திரை எல்சிடி என்றால் பெரும்பாலும் பேனல் போயிருக்காது. 'எல்இடி டிவி' என்று கடைகளில் விற்பதில் பெரும்பகுதியும் எல்சிடிதான், பின்னால் எரியும் விளக்கு மட்டுமே எல்இடி.

எல்சிடிக்குள் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே திரவப் படிகம் இருக்கிறது. நீர்போல ஓடும், ஆனாலும் அதன் மூலக்கூறுகள் ஒழுங்காகத் திசை பார்த்து நிற்கும். இந்த வினோதப் பொருளின் ஆய்வில் நம்மவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. சி.வி. ராமனின் சகோதரி மகன் சிவராமகிருஷ்ண சந்திரசேகர், பெங்களூர் ராமன் ஆய்வு நிறுவனத்தில் தன் குழுவினருடன் 1977இல் வட்டு வடிவ மூலக்கூறுகளாலான புதியவகைத் திரவப் படிகத்தைக் கண்டறிந்தார். பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் எல்சிடி படம் தெளிவாகத் தெரிய, பின்னாளில் அந்த வகை மூலக்கூறுகள் பூசிய மென்படலம் உதவியது.

மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள திரவப் படிக மூலக்கூறுகள் திரும்பி, பின்விளக்கின் ஒளியை விடும் அல்லது தடுக்கும். ஒரே திசையில் அழுத்தம் கொடுத்துக்கொண்டே இருந்தால் திரவம் கெட்டுவிடும். அதனால் திரை நேர், எதிர் என்று திசையை ஓயாமல் மாற்றுகிறது. இந்த மாற்றம் சரியாகச் சமனாகாமல் கொஞ்சம் அழுத்தம் ஒரு பக்கமே மிஞ்சினால், திரவத்திலுள்ள அயனி மாசுகள் அந்தப் பக்கம் ஒதுங்குகின்றன. அசையாத படம் அவை ஒதுங்க நேரம் கொடுக்கிறது. படம் மாறிய பின்னும் ஒதுங்கிய அயனிகள் சிறிய மின்புலத்தைப் பிடித்துவைத்திருப்பதால், அந்த இடத்து மூலக்கூறுகள் முழுதாகப் பழைய நிலைக்கு வருவதில்லை. நாம் பார்க்கும் நிழல் அதுதான். சூடு இதை இன்னும் மோசமாக்கும்.

ஒதுங்கியவை மறுபடி கலையவும் கலையும். பழைய பிக்சர் டியூப், பிளாஸ்மா திரைகளில் ஒளிரும் பூச்சே தேய்ந்தது. ஓஎல்இடியில் ஒளிவிடும் பொருளே முதுமையடைகிறது. அவற்றில் விழுந்த தழும்பு ஆறாது. எல்சிடி நிழல் பெரும்பாலும் மறையும்.

முதலில் திரையை இரவு முழுக்க அணைத்து வையுங்கள். போகவில்லை என்றால் முழு வெள்ளைத் திரையையோ, அசைந்துகொண்டே இருக்கும் வீடியோவையோ பல மணி நேரம் ஓடவிடுங்கள். மாதக்கணக்கில் பதிந்த நிழல் கலைய நாள் கணக்காகலாம். படபடவென்று வண்ணம் மாற்றி மின்னும் 'பிக்சல் ரிப்பேர்' வீடியோக்கள் உறைந்த பிக்சலுக்கானவை. வலிப்பு உள்ளவர்கள் அருகே அவற்றை ஓடவிடவே கூடாது. கறுப்புத் திட்டு, செங்குத்துக் கோடு, அழுத்தியதால் வந்த கறை ஆகியவை வேறு பழுதுகள். காத்திருந்து அவை சரியாகா.

வராமல் தடுப்பது இன்னும் சுலபம். கணினியில் பத்து நிமிடத்தில் திரை அணையும்படி வையுங்கள், டாஸ்க்பார் தானே மறையட்டும். சிசிடிவியில் கேமராக்களை மாற்றி மாற்றிக் காட்டும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள். பதிவு தனியாக நடக்கும் கருவி என்றால், ஆள் பார்க்காத நேரத்தில் மானிட்டரை அணைத்தாலும் பதிவு நிற்காது. பின்விளக்கின் வெளிச்சத்தைக் குறைத்தால் சூடும் தணியும்.

நன்றாக இருக்கும் திரையைத் தூக்கிப் போடுவதில் பண நஷ்டம் மட்டுமல்ல ஆபத்தும் இருக்கிறது. எல்இடி வருவதற்கு முந்தைய எல்சிடிகளின் பின்விளக்குக் குழாயில் பாதரசம் உண்டு. தாராவியில் நகரத்தின் கழிவை வெறுங்கையால் பிரிப்பவர்கள் அதை உடைத்தால் சுவாசிப்பது அந்த நச்சைத்தான். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகள், மறுசுழற்சிப் பொறுப்பை உற்பத்தியாளர்கள்மீது வைத்துள்ளன. ஆகவே பேனலுக்குப் பணம் எடுக்கும் முன் சில நாள் காத்திருங்கள். உண்மையாகவே கெட்டிருந்தால் பதிவுபெற்ற மறுசுழற்சி நிலையத்திடம் கொடுங்கள்.