காட்டிக்கொடுத்தவரின் நோக்கம் முக்கியமா?

கம்பெனியின் தில்லுமுல்லுகளை உள்ளே இருந்த ஒருவரே அம்பலப்படுத்தினால் முதலில் எழும் கேள்வி: "இதில் அவருக்கு என்ன லாபம்?" தினேஷ் தாக்கூர் விஷயத்தில் லாபக் கணக்கு ஊரறிந்தது. 4.8 கோடி டாலருக்கும் மேல்.

2003இல் ரான்பாக்ஸி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தவர் தாக்கூர். பல நாடுகளில் அனுமதி கேட்டு கம்பெனி கொடுத்திருந்த பரிசோதனை விவரங்களைச் சரிபார்க்கும்படி மறு ஆண்டு அவரது மேலதிகாரி ராஜிந்தர் குமார் சொன்னார். தோண்டத் தோண்ட மோசடிதான் வெளிப்பட்டது. 2005இல் வேலையை விட்ட தாக்கூர், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வுக்குப் புனைபெயரில் எழுதினார்.

கோபத்தில் எழுதினாரா, மனசாட்சி உறுத்தியதாலா? விசாரணைக்கு அது தேவைப்படவில்லை. சோதனைகள் நடந்தன, ஆவணங்கள் அலசப்பட்டன. தேவாஸ், பவண்டா சாஹிப் ஆலைகளில் தயாரான முப்பதுக்கும் மேற்பட்ட மருந்துகள் அமெரிக்காவுக்குள் நுழைய 2008இல் தடை வந்தது. 2013 மே மாதம் ரான்பாக்ஸியின் அமெரிக்கக் கிளை ஏழு குற்றங்களை ஒப்புக்கொண்டது. மொத்தம் 50 கோடி டாலர் கட்ட நேர்ந்தது. அதில் ஒரு பங்குதான் தாக்கூருக்குக் கிடைத்த வெகுமதி.

வெகுமதி தரும் அந்த அமெரிக்கச் சட்டம் 1863இல், ராணுவத்துக்குச் சரக்கு விற்றவர்கள் ஏமாற்றிய உள்நாட்டுப் போர்க் காலத்தில் பிறந்தது. தகவல் தருபவர் மகாத்மாவாக இருக்க வேண்டும் என்று அது எதிர்பார்க்கவில்லை. மீட்கப்படும் தொகையில் 15 முதல் 30 சதவீதம் வரை தருகிறது. மோசடியைத் திட்டமிட்டுத் தொடங்கியவரே புகார் சொன்னால் அவரது பங்கை நீதிமன்றம் குறைக்கலாம். ஆனால் அதற்காகப் புகார் பொய்யாகிவிடாது.

நோக்கத்தை அடியோடு ஒதுக்கவும் முடியாது. கையில் ஆவணம் இல்லை, வாய்ப்பேச்சு மட்டுமே என்றால், சொல்பவர் பதவி உயர்வு கிடைக்காதவரா, போட்டிக் கம்பெனியின் ஆளா என்று பார்க்கத்தான் வேண்டும். பகை உள்ளவர் பாதியை மறைக்கலாம், மீதியைப் பெரிதாக்கலாம். எவ்வளவு கவனமாகச் சரிபார்ப்பது என்பதற்கு நோக்கம் ஓர் அளவுகோல். சரிபார்க்காமலே விட்டுவிட அது சாக்கு அல்ல.

இந்தியாவில் 2014இல் இயற்றப்பட்ட பாதுகாப்புச் சட்டத்திலும் பொய்ப் புகாருக்குத் தண்டனை உண்டு. ஆனால் கெட்ட எண்ணம் மட்டும் இருந்தால் போதாது. பொய் என்று தெரிந்தே சொல்லியிருக்க வேண்டும். ஒரே குறை: அச்சட்டம் அரசு ஊழியர்கள் மீதான புகார்களுக்கு மட்டுமே. தனியார் கம்பெனியின் தவறைச் சொல்பவருக்கு அதில் இடமில்லை.

மாத்திரை விழுங்கும் நோயாளிக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: அதைப் பரிசோதித்தார்களா, இல்லையா?