சிவப்பு விளக்கு எரிந்தால் பாட்டரியா பழுது?

நூலையும் துணியையும் ஏற்றிச் செல்லவும், விளைந்த காய்கனிகளைச் சந்தைக்குக் கொண்டு சேர்க்கவும் சொந்த வண்டி வைத்திருக்கும் சங்கங்கள் இக்காலத்தில் பல. அவ்வண்டி ஒரு நாள் காலையில் கிளம்ப மறுத்தால், அன்று விற்கவேண்டிய காய் வாடும். விற்பனை நிலையத்திற்குப் போகவேண்டிய துணி மூட்டை திண்ணையிலேயே கிடக்கும். அந்த அவசரத்தில் பெரும்பாலும் நடப்பது ஒன்றே. 'பாட்டரி போய்விட்டது' என்று ஒருவர் கூற, உடனே புதிய பாட்டரி ஒன்று வாங்கி மாட்டப்படுகிறது. இவ்வைத்தியம் பல சமயங்களில் நோய்க்கு ஏற்றதன்று என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சில காலத்திற்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிட்டோம். ஒரே வண்டிக்கு 14 மாதங்களுக்குள் 3 பாட்டரிகள் வாங்கிய ரசீதுகள் இருந்தன. ரசீதுகள் ஒழுங்காகவே இருந்தன. நிர்வாகக் குழுவின் ஒப்புதலும் இருந்தது. ஆயினும், நல்ல பாட்டரியொன்று மூன்று ஆண்டுகளேனும் உழைக்கவேண்டுமன்றோ? டிரைவரை அழைத்து விசாரித்தோம். "இரவில் ஓட்டும்போது பாட்டரி விளக்கு இலேசாக மினுக்குகிறது, ஐயா, பகலில் தெரிவதில்லை" என்றார். நோயின் மூலம் அவர் கூறிய அந்தச் சொற்களிலேயே அடங்கியிருந்தது. அது எவ்வாறு என்பதை அறிய, வண்டியின் மின்சார வரவு செலவை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும்.

வரவும் கையிருப்பும்

பாட்டரி என்பது கையிருப்பு. 1859ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுப் பிளான்டே கண்ட ஈய அமிலக் கலத்தின் வழிவந்ததே இன்று நம் வண்டிகளில் உள்ளதும். இதில் 6 அறைகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தருவதால், முழுமையாகச் சார்ஜ் ஏறிய பாட்டரி 12.6 வோல்ட் காட்டும். என்ஜினைக் கிளப்பும் சில விநாடிகளில் இக்கையிருப்பிலிருந்து பெருந்தொகை செலவாகிறது. என்ஜின் ஓடத் தொடங்கியபின் விளக்கு, ஹாரன், விசிறி முதலிய எல்லாச் செலவையும் ஏற்று, எடுத்த கடனையும் பாட்டரிக்குத் திருப்பிச் செலுத்துவது ஆல்டர்னேட்டர். அதுவே வரவு.

பழைய வண்டிகளில் இவ்வேலையை டைனமோ செய்து வந்தது. என்ஜின் மெதுவாக ஓடுகையில் டைனமோ தரும் மின்சாரம் மிகக் குறைவு. அக்குறையை நீக்கவே ஆல்டர்னேட்டர் வந்தது. என்ஜினுடன் பெல்ட்டினால் இணைந்து சுழலும் இக்கருவியில் உண்டாவது மாறு மின்னோட்டம். அதனைப் பாட்டரிக்கு ஏற்றவாறு ஒரே திசையில் செலுத்துவன டயோடுகள். சுழலும் சுருளுக்கு இரண்டு கார்பன் பிரஷ்களின் வழியே செல்லும் மின்சாரத்தைக் கூட்டியும் குறைத்தும், உற்பத்தியை 14 வோல்ட் அளவில் நிறுத்துவது ரெகுலேட்டர்.

விளக்கு கூறுவது யாது?

சாவியைத் திருப்பியதும் பாட்டரியிலிருந்து சிறிதளவு மின்சாரம் சிவப்பு விளக்கின் வழியே ஆல்டர்னேட்டரின் சுழலும் சுருளுக்குச் சென்று, அதனைக் காந்தமாக்குகிறது. ஆகவே விளக்கு எரிகிறது. என்ஜின் ஓடி ஆல்டர்னேட்டர் உற்பத்தியைத் தொடங்கியதும், விளக்கின் மறுமுனைக்கும் அதே அளவு வோல்ட் வந்து சேருகிறது. தராசின் இரு தட்டுகளும் சமமானால் முள் அசையாது, அவ்வாறே இருமுனைகளும் சமமானால் விளக்கில் மின்சாரம் ஓடாது, அது அணைந்துவிடும்.

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகும். விளக்கின்மேல் பாட்டரியின் படம் போட்டிருந்தபோதிலும், அது பாட்டரியின் உடல்நிலையைக் காட்டுவதன்று. வரவு ஒழுங்காக வருகிறதா என்பதையே அது கூறுகிறது. பாட்டரி கிழடாகியும் ஆல்டர்னேட்டர் நன்றாக இருந்தால் விளக்கு எரியாமலே இருக்கும். பாட்டரி புத்தம் புதிதாயினும் வரவு நின்றால் விளக்கு எரியும்.

அறிகுறிகள்

1. சாவியைத் திருப்பியும் விளக்கு எரியவில்லை எனில், பல்பு போயிருக்கலாம், கம்பி அறுந்திருக்கலாம், பிரஷ்கள் தேய்ந்திருக்கலாம். விளக்கு எரியாததை நலமென்று கருதலாகாது. பல வண்டிகளில் விளக்கின் வழியே மின்சாரம் செல்லாவிடில் ஆல்டர்னேட்டர் உற்பத்தியைத் தொடங்குவதே இல்லை.

2. ஓடும்போது விளக்கு முழுவதும் எரிந்தால் முதலில் பெல்ட்டைப் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் என்ஜினைக் குளிர்விக்கும் நீர்ப்பம்பையும் அதே பெல்ட்தான் ஓட்டுகிறது. அது அறுந்திருப்பின் என்ஜினை உடனே நிறுத்துக. அன்றேல் என்ஜினே சூடேறிக் கெடும். பெல்ட் நன்றாயிருந்தால், குளிர்சாதனம் முதலிய வீண் செலவுகளை நிறுத்தி, என்ஜினை அணைக்காமல் அருகிலுள்ள பட்டறையை அடைய முயலலாம். அதுவரை செலவாவது கையிருப்பு மட்டுமே.

3. மெதுவாக ஓடுகையில் எரிந்து, வேகம் கூடியதும் அணைந்தால், பெல்ட் தளர்ந்திருக்கலாம். பிரஷ் தேயத் தொடங்கியிருக்கலாம். என்ஜினின் அடிவேகம் மிகக் குறைவாக வைக்கப்பட்டிருக்கலாம். தளர்ந்த பெல்ட் பல சமயம் கீச்சென்று ஒலித்து அறிவிக்கும்.

4. மங்கலாக மினுக்கினால், டயோடு ஒன்று பழுதாகியிருக்கலாம். அல்லது ஏதேனும் ஒரு கம்பியின் இணைப்பில் தடை உண்டாகியிருக்கலாம்.

5. விளக்கு ஒழுங்காக அணைந்தும், காலையில் வண்டி கிளம்பவில்லை எனில், பாட்டரியையே சந்தேகிக்கலாம். அல்லது இரவு முழுவதும் ஏதோ ஒரு விளக்கோ கருவியோ மின்சாரத்தை உறிஞ்சியிருக்க வேண்டும்.

மீட்டர் சொல்லும் சாட்சி

சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும். முதலாவது, இரவு முழுவதும் நின்ற வண்டியின் பாட்டரியை அளக்க வேண்டும். 12.6 வோல்ட் முழுச் சார்ஜ், 12.4 முக்கால், 12.2 பாதி; 12.0 என்றால் ஏறத்தாழ கால் பங்கே எஞ்சியுள்ளது. இரண்டாவது, சார்ஜ் நிறைந்த பாட்டரியைக்கொண்டு என்ஜினைக் கிளப்புகையில் அளவு 9.6 வோல்ட்டிற்குக் கீழ் இறங்கினால் பாட்டரி மெலிந்துவிட்டது எனக் கொள்ளலாம்.

மூன்றாவது, என்ஜினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டுப் பாட்டரியில் அளந்தால் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருத்தல் வேண்டும். நின்றிருந்தபோது காட்டிய அளவே இருந்தால் வரவு இல்லை. 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. பாட்டரியின் நீர் வற்றி, அழுகிய முட்டையின் நாற்றம் வீசக்கூடும். கணிப்பொறியால் சார்ஜ் கட்டுப்படுத்தப்படும் புதிய வண்டிகளில் இவ்வளவுகள் ஏறியிறங்குவது இயல்பாதலின், அவ்வண்டிக்குரிய கையேட்டையே அனுசரிக்க வேண்டும்.

நான்காவது சோதனையைப் பலர் செய்வதில்லை. முன்விளக்குகளை எரியவிட்டு, என்ஜின் ஓடுகையில், மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு முனையிலும், மற்றதைப் பாட்டரியின் நேர்முனையிலும் வைக்க வேண்டும். 0.3 வோல்ட்டிற்கு மேல் காட்டினால் அவ்வளவு மின்னழுத்தம் வழியிலேயே வீணாகிறது என்பது பொருள். ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே இதேபோல் அளந்தால் 0.2 வோல்ட்டிற்கு மேல் இருத்தலாகாது.

முற்கூறிய சங்கத்தின் வண்டியில் ஒரு பட்டறைக்காரரைக்கொண்டு இச்சோதனைகளைச் செய்வித்தோம். ஆல்டர்னேட்டரில் 14.2 வோல்ட் இருந்தது, பாட்டரிக்கோ 12.8 வோல்ட்தான் வந்து சேர்ந்தது. இடையில் 1.4 வோல்ட் எங்கே போயிற்று? பாட்டரிக்குச் செல்லும் தடித்த கம்பியின் முனையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அந்த 1.4 வோல்ட் வேறுபாடே விளக்கின் இருமுனைகளுக்கும் இடையே நின்று அதனை மினுக்கச் செய்தது. பகல் வெளிச்சத்தில் அது கண்ணுக்குப் புலப்படவில்லை. 3 பாட்டரிகளும் அரைவயிற்றுச் சோற்றோடு உழைத்து, தகடுகளில் ஈய சல்பேட் இறுகி, ஒன்றன்பின் ஒன்றாக மடிந்தன. உண்மையில் வேண்டியிருந்தது கம்பிக்கு ஒரு புதிய முனையும் அரைமணி நேர வேலையுமே.

சில எச்சரிக்கைகள்

என்ஜின் ஓடும்போது பாட்டரியின் கம்பியைக் கழற்றிச் சோதிக்கும் பழைய வழக்கத்தை அறவே விட்டொழிக்க வேண்டும். அப்போது எழும் மின்னழுத்தம் டயோடுகளையும், வண்டியின் கணிப்பொறியையும் கெடுத்துவிடும். பாட்டரியைக் கழற்றுகையில் எதிர்முனையை முதலிலும், மாட்டுகையில் அதனைக் கடைசியிலும் கொள்ளுக. சார்ஜ் ஏறும் பாட்டரியிலிருந்து தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிவருமாதலால் அருகில் பீடியோ தீக்குச்சியோ கூடாது. அமிலம் உடம்பில் பட்டால் தாராளமாக நீர்விட்டுக் கழுவவேண்டும். கண்ணில் பட்டால் கழுவியபின் மருத்துவரிடம் செல்லத் தாமதிக்கலாகாது.

நிர்வாகக் குழுவினருக்கு

வண்டியின் ஓட்டப் புத்தகத்தில் 'சிவப்பு விளக்கு' என்று ஒரு பத்தியைச் சேர்த்து, அது எப்போது எரிந்தது, எவ்வாறு எரிந்தது என்பதை டிரைவர் எழுதி வருமாறு செய்க. மல்டிமீட்டர் ஒன்றைச் சங்கத்தில் வாங்கி வைக்க. புதிய பாட்டரிக்கு ஒப்புதல் கேட்டு வரும்போது மேற்கூறிய நான்கு அளவுகளும் எழுதப்பட்டுள்ளனவா என்று பார்த்தபின் கையொப்பமிடுக. டிரைவர் கூறுவதைப் பொறுமையுடன் கேட்பதும் அவசியம். அச்சங்கத்தில் விளக்கு மினுக்கியதை அவர் முதற் பாட்டரியின் காலத்திலேயே கண்டிருந்தார். அவரைக் கேட்டவர்தான் இல்லை.

ரசீது ஒழுங்காக இருப்பதனால் மட்டும் செலவு நியாயமாகிவிடாது. 3 பாட்டரிகளுக்கும் போன பணம் தறியில் அமர்ந்த அங்கத்தினர்களின் உழைப்பிலிருந்து வந்ததாகும். அளந்து பார்த்துச் செலவிடுவது அவர்களுக்கு நாம் செய்யவேண்டிய கடமை.